ஓலீட்டா தூண்டில் எடுத்த வசந்தம்

ஓலீட்டா ட்ரிம்பிள் தன் புருஷனைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு போன அந்த வசந்தத்தில், எங்கள் பாப்டிஸ்ட் சபையில் அவளுக்காக மூக்கைச் சிந்தாத பெண் கிடையாது. பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தையே நடுவில் நிறுத்திவிட்டார்.

"நம்ம சிஸ்டர் ஓலீட்டாவப் பாருங்க. கையும் போயி பேச்சும் போன மனுஷன, அவர் உசுரா நெனச்ச ஆத்தங்கரைக்கே தெனம் சாயங்காலம் கூட்டிட்டுப் போறாங்க. அன்புன்னா இதுதான். அப்படித்தானே, பிரதர் கார்லண்ட்?"

"ஆமா," என்றான் கார்லண்ட்.

சபை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. ஓலீட்டா தலையைக் குனிந்துகொண்டாள். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் முதுகில் சில்லென்று ஏறியது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து கார்லண்டுக்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் வாயில் வருவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆற்றங்கரையில் என்ன நடக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ட்ராமல் ஆற்றின் படகுத்துறையும் அதை ஒட்டின கடையும் என்னுடையவை. என் கடை ஜன்னலுக்கு நேர் எதிரே, அக்கரையில், கூழாங்கல் திட்டு ஒன்று ஆற்றுக்குள் சரிந்து இறங்கும். அதை ஒட்டின ஆழத்துக்குப் பெயரே கார்லண்ட் மடு.

கார்லண்டைப் பற்றிச் சொல்லாமல் ஓலீட்டாவைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவன் மர அறுப்பு ஆலையில் மேஸ்திரி. மிசௌரியின் இந்தத் தென்மலைப் பக்கம் ஆறு இருக்கிற இடமெல்லாம் மீன் பிடிக்கிறவன் இருப்பான். மண்புழுவைக் கோத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, பீர் டப்பாவைத் திறந்துகொண்டு படுத்துவிடுவான். கார்லண்ட் அந்த ரகம் இல்லை. குளிர்காலம் முழுக்க அடுப்படி மேஜையில் விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கோழி இறகும் மான் மயிரும் பட்டு நூலும் வைத்துக் கொக்கிகளில் பொய்ப்பூச்சி கட்டுவான். நண்டுக்குஞ்சு போல, தவளைக்குஞ்சு போல, செத்துக்கொண்டிருக்கிற சிறுமீன் போல. மார்ச் மாதம் பிறந்து, பகல் வெயில் தண்ணீரில் கொஞ்சம் ஊறினதும், சினை பிடித்த பெரிய பாஸ் மீன்கள் ஆழத்தை விட்டுக் கரையோரப் பாறைகளுக்கு மெல்ல ஏறிவரும். அந்த நேரம் பார்த்து அவன் தன் அப்பா விட்டுப்போன மூங்கில் கோலை எடுத்துக்கொண்டு இறங்குவான். அவன் கயிற்றை வீசுவதைப் பார்க்க என் கடைக்கு வருகிறவர்கள் காசைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் நின்றுவிடுவார்கள். கயிறு அவன் தலைக்கு மேலே பின்னால் போய் நீளும், ஒரு கணம் அப்படியே நிற்கும், பிறகு முன்னால் வந்து, பூச்சி மட்டும் தண்ணீரில் தும்பு விழுகிற மாதிரி விழும். அதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

வாயிலும் அவனை மிஞ்ச ஆள் இல்லை. யார் எதில் நொண்டுகிறார்கள் என்று பார்த்து அதிலேயே குத்துவான். அவனுடைய கூட்டாளி ஹாய்ட் மேப்ரிக்குப் பிள்ளை இல்லை. "ஹாய்ட்டுக்கும் என் பொய்ப்பூச்சிக்கும் ஒண்ணுதான் வித்தியாசம். என் பூச்சிக்குக் கொக்கி இருக்கு" என்பான், ஹாய்ட்டின் மனைவி பக்கத்தில் நிற்கும்போதே. ஹாய்ட்டும் சிரிப்பான். கார்லண்டோடு படகில் போக வேண்டுமென்றால் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

ஓலீட்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். மூன்று மணிக்கு அங்கே ஏப்ரனைக் கழற்றினால் நாலு மணிக்கு ஆற்றில் நிற்க வேண்டும், கைவலையோடு. கார்லண்ட் மீனை இழுத்துக்கொண்டு வரும்போது வலையை அடியில் கொடுத்துத் தூக்குவது அவள் வேலை. கல்யாணமான வருஷத்திலிருந்து அதுதான். அவனுக்கு இடுப்புக்கு மேல் வருகிற ரப்பர் கால்சட்டை இருந்தது. அவளுக்குப் பழைய டென்னிஸ் ஷூ. வெளியூரிலிருந்து யாராவது மீன் பிடிக்க வந்தால் அவளை இப்படித்தான் அறிமுகம் செய்வான்: "இது ஓலீட்டா. என் வலையோட கைப்பிடி."

ஒரு மார்ச் மாதம், அவர்களுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை, ஆற்றின் மேல்போக்கில் ஒரு நடுத்திட்டில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்கிற நேரம். கார்லண்டுக்குப் பெரிய மீன் ஒன்று மாட்டியது. அவன் சொன்னபடி பார்த்தால் இந்தக் கவுண்டியில் அதுவரை யாரும் பிடிக்காத மீன். அரைமணி நேரம் விளையாட்டுக் காட்டிவிட்டு அது பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. ஓலீட்டாவின் விரல்கள் குளிரில் மரத்துப்போயிருந்தன. வலையை ஒரு நொடி முந்திக் கொடுத்துவிட்டாள். வளையத்தின் இரும்பு மீனின் மூக்கில் இடித்தது. மீன் ஒரு துள்ளு துள்ளி, கொக்கியைக் கட்டின தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

கார்லண்ட் கத்தவில்லை. கயிற்றை நிதானமாகச் சுற்றினான். படகில் ஏறி உட்கார்ந்தான். துடுப்பை ஊன்றித் தள்ளினான்.

"நானு?" என்றாள் ஓலீட்டா.

"வலைதான் இருக்கே. நீந்தி வா," என்றான்.

வேடிக்கை என்றுதான் அவள் நினைத்தாள். படகு வளைவு திரும்பி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்த முகத்தோடே நின்றாளாம். இருட்டுகிற மட்டும் பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். விலா வரைக்கும் தண்ணீர், மலை ஊற்றுத் தண்ணீர், கரையோரப் பனிக்கட்டி உருகி ஓடுகிற காலம். கரையேறி ஈரத் துணியோடு நடந்து வீட்டுக்கு வந்தபோது அவன் பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தட்டை அப்படியே வைத்திருந்தான், அவள் கழுவட்டும் என்று.

அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். அந்த வாரமே அது கலைந்தது. தண்ணீரால் என்று சொல்ல முடியாது, தானாகவும் நடக்கும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளைப் பார்க்க கார்லண்ட் தொப்பியைக் கூடக் கழற்றாமல் வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

"அதையும் நழுவ விட்டுட்டியா?" என்றான்.

இதை ஓலீட்டா என்னிடம் சொன்னது வெகு காலம் கழித்து. அழாமல்தான் சொன்னாள், ரொட்டி விலை ஏறிவிட்டதைச் சொல்கிற மாதிரி. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அடுத்த மார்ச்சிலும் வலையோடு தண்ணீரில் நின்றாள். அதற்கடுத்த மார்ச்சிலும். ஏன் போனாய், ஏன் இருந்தாய் என்று கேட்பது சுலபம். அவளுக்குப் போக இடம் இல்லை. அதோடு, அவன் வீசுகிற கயிற்றைப் பார்ப்பது அவளுக்கும் பிடிக்கும். அதையும் அவளே சொல்லியிருக்கிறாள்.

பிறகு அந்த அக்டோபர். விறகு பிளந்துகொண்டிருந்த கார்லண்ட் கோடரியை ஓங்கினான், ஓங்கின கை இறங்கவில்லை, ஆள் இறங்கிவிட்டான். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். சொல்வதெல்லாம் விளங்கும், பதில்தான் வராது. மூளையில் சொற்கள் இருக்கிற அறை இடிந்துவிட்டதாம். இடிபாட்டில் தப்பின ஒரே சொல் 'ஆமா'. வேண்டும் என்றாலும் ஆமா. வேண்டாம் என்றாலும் ஆமா. தலையை ஆட்டிச் சொல்லலாம் அல்லவா என்றால், கழுத்தும் அவன் பேச்சைக் கேட்கவில்லை; இடது கையால் சைகை செய்யப் பார்த்தாலும் தப்பாகவே வந்தது. வாழ்நாள் முழுக்க ஒருத்தர் சொல்லுக்கும் ஆமா போடாத மனிதன்.

முதல் இரண்டு மாதம் ஓலீட்டா தலைகால் புரியாமல் ஓடினாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துடைப்பது. அவளுக்கு அந்தச் சொல்லின் ருசி தெரிந்தது ஜனவரியில், ஹாய்ட் பார்க்க வந்த அன்றைக்கு. நானும் கூட இருந்தேன், ஒரு பாத்திரம் சூப் கொண்டு போயிருந்தேன்.

ஹாய்ட் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, "வசந்தம் வந்ததும் படகுல போவம் கார்லண்ட், நான் தூக்கி ஒக்கார வைக்கிறேன்" என்றான்.

ஓலீட்டா காபி ஊற்றிக்கொண்டே திரும்பினாள். "ஏன் கார்லண்ட், அந்தப் படகு சும்மாதானே கெடக்கு. ஹாய்ட்டுக்கே குடுத்துடுவமா?"

கார்லண்டின் கண் பெரிதாகியது. இடது கை போர்வையைப் பிடித்து முறுக்கியது. "ஆமா," என்றான். "ஆமா! ஆமா!"

ஹாய்ட் அழுதுவிட்டான். "நீ இவ்வளவு நல்லவன்னு எனக்குத் தெரியாமப் போச்சேடா" என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். கார்லண்டும் அழுதான். ஓலீட்டா இரண்டு பேருக்கும் கைக்குட்டை கொடுத்தாள். அவள் உதட்டோரம் துடித்ததை நான் பார்த்தேன். ஹாய்ட் போன பிறகு குனிந்து கார்லண்டின் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "பெரிய மனசு ஒனக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு அது பழக்கமாகிவிட்டது. நீ வளக்கிற நாய்க்குட்டியப் பண்ணைக்காரன் எவனுக்காவது குடுத்துடலாமா கார்லண்ட்? ஆமா. நான் நல்ல பொஞ்சாதியா கார்லண்ட்? ஆமா. நீ மோசமான புருஷன்தானே? ஆமா. வந்தவர்கள் முன்னால் பாசமாகவும் தனியே இருக்கும்போது வேறு மாதிரியும் கேட்பாள்.

மார்ச் பிறந்தது. ஒரு நாள் சாயங்காலம் கடை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கரைத் திட்டில் கார்லண்டின் நாற்காலி. அவன் சரிந்துவிடாமல் இடுப்பில் ஒரு பெல்ட் போட்டு நாற்காலியோடு கட்டியிருந்தாள். மடியில் கம்பளி. அவனுக்கு முன்னால் தண்ணீரில், அவனுடைய ரப்பர் கால்சட்டையை மார்பு வரை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஓலீட்டா. கையில் அந்த மூங்கில் கோல். கார்லண்ட் யாரையும் தொடவிடாத கோல். ஹாய்ட் ஒரு முறை அதன் உறையை எடுத்து நகர்த்தி வைத்ததற்கே ஒரு மாதம் பேச்சு வாங்கினான்.

அவளுக்கு வீசத் தெரியவில்லை. கயிறு அவள் தோளில் விழுந்தது, தொப்பியில் விழுந்தது. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கவனித்தேன். அவள் தண்ணீரைப் பார்த்து வீசவில்லை. கரையோரம் சாய்ந்து நின்ற சிக்கமோர் மரத்தின் கிளைகளைப் பார்த்து வீசினாள். பூச்சி கிளையில் மாட்டும். கோலை நேராக நீட்டிக் கயிற்றைக் கையால் பிடித்து இழுப்பாள். நரம்பு அறும். திரும்பி அவனிடம் சொல்வது தண்ணீரின் மேல் தெளிவாகக் கேட்டது.

"அடடா, போச்சே! இது நீ போன டிசம்பர்ல கட்டினதுல்ல கார்லண்ட்? ரெண்டு ராத்திரி ஒக்காந்து கட்டினியே. இன்னொண்ணு எடுத்துக்கட்டுமா?"

"ஆமா! ஆமா!"

இனி அவனால் ஒன்றுகூடக் கட்ட முடியாது. பெட்டியில் இருந்தவைதான் அவன் வாழ்க்கையில் கட்டினவற்றில் மிச்சம். அவள் தினமும் வந்தாள், தினமும் சில பூச்சிகள் மரத்துக்குப் போயின. மாசக் கடைசிக்குள் அந்த மொட்டை மரம் இலை துளிர்க்கும் முன்னாலேயே சிவப்பும் மஞ்சளுமாய் இறகு துளிர்த்து நின்றது. சபைப் பெண்கள் இக்கரையில் காரை நிறுத்தி அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுக் கை அசைப்பார்கள். ஓலீட்டாவும் கை அசைப்பாள்.

அவள் கடைக்கு வந்தபோது கேட்டேவிட்டேன். "ஏன்டி ஓலீட்டா, அக்கரையில என்ன பண்ணிட்டிருக்க?"

"என்ன ஃபே, காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறேன். டாக்டரே சொன்னாரு."

"மரத்துக்கா மீன் புடிக்கிற?"

"கத்துக்கிறேன்டி. இவ்வளவு காலம் வலை புடிச்சவளுக்குக் கோல் புடிக்கத் தெரியுமா?"

"அவனுக்கு வலிக்குது ஓலீட்டா."

அவள் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியுமே," என்றாள்.

இதில் யாரும் எதிர்பாராதது ஒன்று நடந்தது. அவளுக்குக் கை படிந்துவிட்டது. எத்தனையோ மார்ச் மாதங்கள் அவன் வீசுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். அது அவள் தோளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் கயிறு பின்னால் போய் நீண்டது, நின்றது, முன்னால் வந்து மடுவின் தலைப்பில், பாறைக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், பூச்சியைப் பூப்போல வைத்தது. அவளே திகைத்துப்போய்க் கையைப் பார்த்தாள். மறுபடி வீசினாள். மறுபடி அதே இடம். அன்றைக்கு ஒரு மீன் பிடித்தாள், அடுத்த நாள் இரண்டு. பிடித்ததைக் கார்லண்டின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டுத் தண்ணீரில் விட்டாள்.

மரத்தில் மாட்டினபோதாவது கார்லண்ட் கையால் நாற்காலியை அடித்தான், ஆமா ஆமா என்று கூவினான். அவள் நன்றாக வீச ஆரம்பித்த பிறகு அதுவும் நின்றுபோனது. கன்னம் தொங்க, கண் கொட்டாமல் அவள் தோளையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அவன் பூச்சிகளை நாசம் செய்வதைவிட இது அவனை ஆழமாய் அறுக்கிறது என்று ஓலீட்டாவுக்குத் தெரிந்தது. மரத்துக்கு வீசுவதை நிறுத்திவிட்டாள்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள். நாள் முழுக்கத் தெற்குக் காற்று, வெயில் சூடாகவே இருந்தது. மலைச்சரிவில் ரெட்பட் மரங்கள் இலைக்கு முந்திப் பூத்து ஊதாவாய்ப் புகைந்துகொண்டிருந்தன. நான் துறையில் படகுகளைக் கவிழ்த்துப் போட்டுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கப்போகிற சமயம் ஓலீட்டாவின் கோல் வளைந்தது. சும்மா வளையவில்லை, அடிப்பிடி வரை வளைந்தது. ரீல் கிறீச்சிட்டது. மடுவின் நடுவில் மீன் ஒரு முறை மேலே எழும்பி விழுந்தது. வெண்கல நிறம், கதவுக் கைப்பிடி மாதிரி முதுகு. நான் பிரஷைக் கீழே போட்டுவிட்டேன். கார்லண்ட் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவான் போல முன்னால் சாய்ந்தான்.

ஓலீட்டா மீனைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். பிறகு பின்பக்கமாகவே நடந்து கரையேறி அவனிடம் வந்தாள்.

"இந்தா," என்றாள். "நீயே புடி."

அவனுடைய இடது கையில் கோலைக் கொடுத்து, அடிக்கட்டையை அவன் வயிற்றில் முட்டுக்கொடுத்து வைத்தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் நான் பார்த்தேன், அவன் முகம் எரிகிற விளக்குப்போல ஆகிவிட்டது. ஆறு மாதமாக அந்த முகத்தில் யாரும் குடியிருக்கவில்லை. அந்த நொடியில் வந்துவிட்டான். ஓலீட்டா அவன் பக்கத்தில் கிடந்த கைவலையை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள்.

"நான் வலை புடிக்கிறேன். சுத்து. மீன இழு."

கோலைப் பிடித்திருக்கிற கை ஒன்று. ரீலைச் சுற்ற இன்னொரு கை வேண்டும். அது மடியில் செத்துக் கிடந்தது.

"சுத்துய்யா, ஏன் பாத்துட்டிருக்க? மீன் போகுது பாரு. எந்தக் கையால சுத்தறதுன்னு யோசிக்கிறியா?" அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் கேட்டதில்லை. "வலை ரெடியா இருக்கு கார்லண்ட்! நான் இந்தத் தடவ முந்த மாட்டேன்! கொண்டா!"

மீன் மறுகரைப் பக்கம் திரும்பி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. ரீலில் கயிறு தீர்ந்தது. கோலை விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. கார்லண்ட் விடவில்லை. அவன் பிடித்த பிடியில் உடம்பே முன்னால் இழுபட்டது, நாற்காலியின் சக்கரங்கள் சரிவுக் கூழாங்கல்லில் நெறுநெறுவென்று உருண்டன. பிரேக் போட்டிருந்தாளா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. முன்சக்கரங்கள் தண்ணீரில் இறங்கிக் கல்லில் தட்டி, நாற்காலி அப்படியே குப்புறக் கவிழ்ந்தது. அவன் அதோடு பெல்ட்டில் கட்டப்பட்டிருந்தான். முழங்கால் ஆழத் தண்ணீரில் முகம் கீழே, நாற்காலி முதுகின் மேலே.

நான் தண்ணீரில் கட்டிக்கிடந்த ஒரு படகைத் தள்ளி ஏறினேன். துடுப்பு போடப் போட ஓலீட்டாவையே பார்த்துக்கொண்டு போனேன். அவள் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நின்றாள். வலையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் குமிழியிட்டது. கார்லண்டின் இடது கை மட்டும் வெளியே நீண்டு, கோலைப் பிடித்தபடியே, அடித்துக்கொண்டது. அவள் நின்றாள்.

"ஓலீட்டா!" என்று கத்தினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வலையைக் கீழே போட்டாள். குனிந்து, நாற்காலியைத் தொடாமல், அவன் தலைமயிரைப் பிடித்து முகத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கினாள். அவன் இருமினான், மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வந்தது. நான் அப்போது கரைக்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டேன், அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அமைதியாகத்தான் கேட்டாள்.

"விட்டுடட்டுமா கார்லண்ட்?"

"ஆமா," என்றான்.

ஓலீட்டாவின் முகம் மாறியது. "என்ன?" என்றாள். "கையை எடுத்துடட்டுமான்னு கேட்டேன். எடுக்கட்டுமா?"

"ஆமா."

"வெளையாடாத. சாகறியான்னு கேக்கறேன்."

"ஆமா. ஆமா."

அவன் அவளை நேராகப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். வேண்டுகிறானா, மறுக்கிறானா, அவளைத் திட்டுகிறானா, யாரால் சொல்ல முடியும்? குளிர்காலம் முழுக்க அந்தச் சொல்லை வைத்துப் பந்தாடினவள், இப்போது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. "வேற எதாச்சும் சொல்லு!" என்று கத்தினாள். "இல்லன்னு சொல்லேன்! என்னைய வையேன்டா! ஒரு தடவ!" அவன் தலைமயிரைப் பிடித்தபடியே மற்றக் கையால் அவன் தோளில் அடித்தாள். "சொல்லித் தொலையேன்!"

"ஆமா," என்றான் கார்லண்ட். பல் கிட்டித்துக்கொண்டிருந்தது.

நான் போய் பெல்ட்டை அறுத்தேன். இரண்டு பேருமாக இழுத்துக் கல்லில் போட்டோம். அவன் கையிலிருந்து கோலைப் பிரித்தெடுக்கச் சிரமப்பட்டோம். அது நடுவில் பிளந்திருந்தது. மீன் எப்போதோ போயிருந்தது. ஓலீட்டா என் கோட்டையும் தன் சட்டையையும் அவன் மேல் போட்டுத் தேய்த்தாள். வெடவெடவென்று ஆடிக்கொண்டே தேய்த்தாள்.

நெஞ்சில் சளி கட்டி அவன் கவுண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்துக்கொண்டான். நாற்காலி வழுக்கிக் கவிழ்ந்துவிட்டது என்று ஓலீட்டா சொன்னாள், நானும் அப்படியே சொன்னேன். தண்ணீரில் குதித்துப் புருஷனைக் காப்பாற்றினாள் என்று பாஸ்டர் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பேசினார். அவள் அதற்கு மேல் அவனை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. "என்னால தூக்க முடியல" என்று சொல்லி முதியோர் விடுதியில் சேர்த்துவிட்டாள். எல்லாரும் நியாயம்தான் என்றார்கள்.

விடுதியில் கார்லண்டுக்கு நல்ல பெயர். எதற்கும் அடம் பிடிக்காத கிழவர். டிவி சத்தமாக வைக்கட்டுமா என்றால் ஆமா. சீக்கிரம் படுக்கிறீர்களா என்றால் ஆமா. அவனுக்கு ஜென்மத்தில் பிடிக்காத காய் பீட்ரூட். கல்யாண விருந்தில்கூடத் தட்டிலிருந்து எடுத்து எறிந்தவன். அங்கே வாரம் நாலு நாள் பீட்ரூட் ஊறுகாய். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்பாள் சாப்பாடு ஊட்டுகிற பெண். ஆமா என்பான். வாயில் வைப்பாள், கண்ணில் நீர் வழிய விழுங்குவான். நான் ஒரு முறை போனபோது அவளிடம் சொன்னேன், இவனுக்கு இது ஆகாதம்மா என்று. "அவரே கேட்டு வாங்கிச் சாப்பிடறாரு மேடம், நீங்க வேற" என்றாள்.

ஓலீட்டா புதன்கிழமைகளில் போவாள். பக்கத்தில் உட்கார்ந்து துணி தைப்பாள். அவனை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. மழை பெய்தது, ஹாய்ட்டுக்கு மூட்டுவலி, ஆலையை மூடப்போகிறார்களாம், இப்படி ஏதாவது சொல்லிவிட்டு எழுந்து வருவாள். பீட்ரூட்டைப் பற்றி அவள் விடுதியில் ஒரு வார்த்தை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

நாலாவது வருஷம் நவம்பரில் அவன் போய்ச் சேர்ந்தான். அடக்கத்துக்குக் கூட்டம் நிறைய. ஹாய்ட்தான் பெரிதாக அழுதான்.

அடுத்த மார்ச்சில் ஒரு நாள் ஓலீட்டா கடைக்கு வந்தாள். வெளியே தெற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது, தண்ணீர் தெளிந்து பச்சையாய்க் கிடந்தது. அக்கரையில் மீன் மேலேறுகிற வட்டங்கள் தெரிந்தன. ஹாய்ட் தன்னிடம் இருக்கும் கோல்களில் ஒன்றை அவளுக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடம் விட்டுப் போயிருந்தான். அவள் வீசினதை அவனும் இக்கரையிலிருந்து பார்த்திருக்கிறான், இந்த ஆற்றில் இனி அவளை விட்டால் ஆள் இல்லை என்பான். அதை எடுத்துக் கவுன்டரில் வைத்தேன்.

"போய்ட்டு வாயேன்," என்றேன். "இன்னைக்கு மாதிரி தண்ணி அமையாது. நான் வேணா படகுல கொண்டுபோயி விடறேன்."

ஓலீட்டா கோலைத் தொட்டுப் பார்த்தாள். எடுத்து, மணிக்கட்டை லேசாக அசைத்தாள். முனை நடுங்கி நின்றது. ஜன்னல் வழியாகத் திட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கோலைத் திருப்பி வைத்துவிட்டாள்.

"அங்க ஒக்காந்து பாக்க ஆளு இல்லியே ஃபே," என்றாள். "தனியா போயி என்ன பண்றது?"

கூடையில் காபித் தூளும் ரொட்டியும் எடுத்து வைத்தாள். உப்புப் போட்ட பன்றிக்கறி வந்திருக்கிறதா என்று கேட்டாள். வியாழக்கிழமைதான் வரும் என்றேன். சரி, அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.